அறுவடைப் பாட்டில் வாழும் காவியம்

பிலிப்பைன்ஸ் நமக்கு அண்டை நாடு. ஆயினும் அந்நாட்டு மக்களின் கலைகளைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. மூங்கில் கழிகளைத் தட்ட, அவற்றினிடையே கால் சிக்காமல் துள்ளியாடும் தினிக்ளிங் நடனத்தை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். தெற்கே மிண்டனாவோ தீவில், லானாவ் ஏரிக்கரையில் வாழும் மரனாவோ மக்களிடம் இராமாயணக் கதையும் உண்டு என்றால் நம் பிள்ளைகள் வியப்பர். அங்கே இராவணனுக்கு மகாராடியா லவானா என்று பெயர். குரங்கு வீரனுக்கோ இலக்குமணனின் பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது! அது தனிக்கதை. ஈண்டு நாம் எழுதப் புகுந்தது, வடக்கே லூசோன் தீவின் மலைகளில் வாழும் இபுகாவ் மக்களின் ஹுட்ஹுட் பாடல்களைப் பற்றியே.

இம்மக்கள் மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, கல்லாலும் மண்ணாலும் வரப்புக் கட்டி நெல் விளைவிப்பவர்கள். அவ்வயல்களை 1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. விதைப்பின்போதும், அறுவடையின்போதும், இறந்தவரைக் கிடத்தி இரவில் விழித்திருக்கும்போதும் ஹுட்ஹுட் பாடப்படும். முதிய பெண்மணி ஒருத்தி தலைமை ஏற்று அடியெடுத்துக் கொடுப்பாள். சூழ இருக்கும் பெண்கள் சேர்ந்து பாடுவர். இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் உள. ஒவ்வொன்றும் நாற்பது பகுதிகளாகப் பிரியும். முழுவதும் பாடி முடிக்கப் பல நாள் ஆகுமாம். மெட்டோ எல்லாவற்றிற்கும் ஒன்றே. உள்ளங்கையில் அடங்கும் சிறு கத்தியால் கதிர் கதிராக அறுக்கும் வேலைக்கு அந்த ஒரே மெட்டு எவ்வளவு துணையாயிருந்திருக்கும் என்பதை, நிரையில் நின்று உழைத்த நம் தாய்மார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பாடல்களுள் புகழ்பெற்றது அலிகுயோன் கதை. தந்தையின் பகைவனை வெல்ல அண்டை ஊருக்குப் படை திரட்டிச் செல்கிறான் இந்த இளைஞன். அங்கே அவனை எதிர்ப்பவன் அப்பகைவனின் மகன் பும்பாக்கயோன். ஒருவன் எறிந்த ஈட்டியை மற்றவன் பாய்ந்து வரும்போதே கையால் பற்றித் திருப்பி எறிகிறான். ஒன்றரை ஆண்டு அவ்வூரில் போர். மேலும் ஒன்றரை ஆண்டு இவ்வூரில் போர். இருவரும் சளைக்கவில்லை. முடிவில் ஒருவர் வீரத்தை ஒருவர் மதித்துப் பகையை விடுகின்றனர். அலிகுயோன் பும்பாக்கயோனின் தங்கை புகானை மணக்கிறான். பும்பாக்கயோன் அலிகுயோனின் தங்கை அகினாயாவை மணக்கிறான். தந்தையரின் பகையைப் பிள்ளைகள் சம்பந்தமாக மாற்றிவிட்டார்கள்! ஒருவன் தலை உருளாமல் முடியும் வீரகாவியம் உலகில் அரிது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இத்தகைய பாட்டுக்கு இடர் வந்தது எப்படி? பகைவர் எவரும் வந்து அழிக்கவில்லை. மக்கள் கத்தோலிக்க சமயம் தழுவியபின் பழைய சடங்குகள் குறைந்தன. கையால் அறுத்த வயலில் இயந்திரம் புகுந்தது. பயிரிடுவோர் தொகையும் குறைந்து வந்தது. பாட்டு முழுவதையும் அறிந்தோர் சிலரே எஞ்சினர், அவர்களும் முதியோர். யுனெஸ்கோ 2001ஆம் ஆண்டில் ஹுட்ஹுட்டை மனிதகுலத்தின் அரிய வாய்மொழிச் செல்வமென அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது.

பாட்டை ஒலிப்பதிவு செய்து பேழையில் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்பாருண்டு. போதாது என்பதே நம் கருத்து. பதிவில் கிழவியின் குரல் இருக்கும். அவள் அடியெடுத்துக் கொடுத்ததும் சேர்ந்து பாடப் பக்கத்தில் யார் இருப்பார்? ஹுட்ஹுட்டின் உயிர் பாதி அந்தக் கூட்டத்தாரிடம் அல்லவா இருக்கிறது!

ஆகவேதான் இபுகாவ் நாட்டில் இப்போது சிறுவர் சிறுமியரைச் சேர்த்து, முதியோரைக் கொண்டே ஹுட்ஹுட் கற்பித்து வருகிறார்கள். பாட்டியின் மடியில் கேட்க வேண்டிய பாட்டைப் பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்து கேட்கிறார்கள். அலிகுயோனின் பெயர் அவர்கள் நாவில் ஏறிவிடும். அவர்கள் வளர்ந்தபின், அந்த மலைப்படிகளில் பாடிக்கொண்டே அறுக்க நெல் விளைந்திருக்குமா என்பதைத்தான் நாம் இப்போது சொல்ல இயலவில்லை.