அஞ்சரை மணிக் கச்சேரியும் எடைக்குப் போட்ட நோட்டும்

திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு எவனாவது கச்சேரி வைப்பானா? நியூயார்க்கில் வைக்கிறாங்க. அதுக்கும் ஆள் வருது. 2023 மார்ச்சில் நானும் போனேன்.

கூட்டிட்டுப் போனது எங்க டீம் பெருசு. வயசு அறுபத்தி மூணு. நான் வேலை பார்க்கிறது ஒரு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியோட ஆதிகாலத்து சாஃப்ட்வேர்ல. எல்லாமே கோபால். (எங்க பெரியப்பா பேரும் அதுதான், ஆனா இது 1959-ல் பிறந்த கம்ப்யூட்டர் மொழி.) எம்.எஸ். படிச்சு முடிச்சவன் மெஷின் லேர்னிங், கிளவுடுன்னு கனவு கண்டுட்டு வந்தால், எங்கப்பாவைவிட வயசான புரோகிராமைத் துடைச்சுப் பொட்டு வைக்கிற வேலை. அந்தக் கோடு மொத்தமும் அத்துப்படியா தெரிஞ்ச ஒரே ஆள் இந்தப் பெருசுதான். அவர் ஒரு நாள், "பழசை அப்படியே ஓட வைக்கிறது எப்படின்னு பார்க்கணுமா? நாலரைக்கு லேப்டாப்பை மூடு"ன்னாரு. மேனேஜர் கிட்ட பல் வலின்னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.

44-வது தெருவில் பேர்ட்லேண்ட். மாடியிலிருந்து கீழே இறங்கினால் சின்ன தியேட்டர், குட்டிக் குட்டி மேசைகள். மேடையில் கறுப்பு கோட்டும் கழுத்தில் வில் டையும் போட்ட பதினோரு பேர். ஏதோ பழைய படத்துல ஹோட்டல் பார்ட்டி சீனுக்கு வந்தவங்க மாதிரி. பின்னால் ஒருத்தர் நிக்கிறார், அவரைச் சுத்தி மூணு பூதங்கள். ஒண்ணு டியூபா. ஒண்ணு அலுமினியத்தில் செஞ்ச டபுள் பேஸ், நம்ம ஊர் பால் கேன் மாதிரி பளபளன்னு. மூணாவது பேஸ் சாக்ஸபோன். நின்னா என் மார் உயரம் வரும், ஊதினா நாற்காலி அதிருது. இந்த மூணையும் மாத்தி மாத்தி வாசிக்கிற ஆள்தான் வின்ஸ் ஜியோர்டானோ. நைட்ஹாக்ஸ்ங்கிற இந்தக் குழுவை 1976-லிருந்து நடத்துறார். வாசிக்கிறது முழுக்க 1920-கள், 30-களின் நடன ஜாஸ்.

எதுக்கு இவ்வளவு பெரிய பூதம்னு பெருசு கிட்ட கேட்டேன். அந்தக் காலத்துல மைக் கிடையாது. ஒரு பெரிய புனல் முன்னாடி எல்லாரும் நின்னு வாசிக்கணும், சத்தத்தோட அதிர்வுதான் ஊசியை அசைச்சு மெழுகில் கோடு கிழிக்கும். டபுள் பேஸ் தந்தியோட சத்தம் அதுல சரியா விழாது. அதனால டியூபாவும் பேஸ் சாக்ஸபோனும் அந்த வேலையைப் பார்த்தன. 1925-ல் மின்சார மைக் ரெக்கார்டிங் வந்த பிறகுதான் தந்திக்கு மரியாதை. அதாவது ஹார்டுவேர் லிமிடேஷனுக்காகப் போட்ட ஒரு ஒர்க்கரவுண்ட்! தேவை போய் நூறு வருஷம் ஆச்சு, இவர் அதை இன்னும் எடுக்காமல் வெச்சிருக்கார். எங்க கோடில் இப்படி நாற்பது இடம் காட்டுவேன் :-)

ஆனா நான் சொல்ல வந்தது இசையைப் பத்தி இல்லை. (எனக்கு இசை தெரியாது. எட்டாம் வகுப்பு வரைக்கும் மிருதங்கம் கத்துக்கிட்டேன், 'தா தீ தொம் நம்' தாண்டலை.) பாட்டு நடுவுல நடந்த ஒரு விஷயம்.

ஒரு பாட்டு முடிஞ்சதும் ஜியோர்டானோ ஒரு நம்பரைச் சொன்னார். அவ்வளவுதான். பதினோரு பேரும் முன்னாடி இருக்கிற தடித் தடி ஃபைல்களில் மடமடன்னு தேட ஆரம்பிச்சாங்க. காகிதம் புரள்ற சத்தம் மழை மாதிரி. அந்த இடைவெளியில் அவர் அடுத்த பாட்டை எழுதினது யார், பத்தி பிரிச்சு வாத்தியங்களுக்குக் கொடுத்தது யார், எந்த வருஷம் ரெக்கார்டு ஆச்சுன்னு ஜனங்களுக்கு ஒப்பிக்கிறார். நோட்டு கைக்கு வந்ததும் ஒன், டூ, கிளம்பிருச்சு.

அந்தக் காகிதங்கள்தான் விஷயமே. புரூக்ளினில் பாட்டி வீட்டில் இருந்த சாவி கொடுக்கிற கிராமபோனும் பழைய இசைத்தட்டுகளும்தான் சின்ன வயசுல அவருக்கு ஆரம்பம். அப்புறம் பில் சாலிஸ்னு 20-களில் பெரிய பெரிய குழுக்களுக்கு எழுதிக் கொடுத்தவரைத் தேடிப் போய்க் கத்துக்கிட்டார். கூடவே காகிதம் சேர்க்க ஆரம்பிச்சார். ஒவ்வொரு பாட்டுக்கும் ட்ரம்பெட்டுக்கு ஒரு தாள், டிராம்போனுக்கு ஒரு தாள், பான்ஜோவுக்கு ஒரு தாள். இப்போ அவர் கிட்ட அறுபதாயிரத்துக்கு மேலே இருக்கு. வீடு முழுக்க பீரோ பீரோவா. 'போர்டுவாக் எம்பயர்' சீரியலுக்கு இவங்கதான் வாசிச்சாங்க, அந்த ஆல்பத்துக்கு 2012-ல் கிராமி கிடைச்சது. அதெல்லாம் சரி. எனக்கு மண்டையில் நின்னது அந்த பீரோதான்.

அன்னிக்கு ஏன்னு புரியலை. வீட்டுக்கு வர ரயிலில் ஒரு மாதிரி இருந்தது. சாப்பாடு சரியில்லைன்னு நினைச்சேன்.

அப்புறம் எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. இந்த ஊரில் இந்த மாதிரி ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை, நாமதான் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு நடக்கிறோம். சப்வேயில் ஒரு அம்மா, நதாலியா பருஸ், மரம் அறுக்கிற ரம்பத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி வயலின் வில்லால் வாசிப்பாங்க. கண்ணை மூடினால் யாரோ பாடுற மாதிரியே இருக்கும். கோடையில் கவர்னர்ஸ் தீவில் ஜாஸ் ஏஜ் லான் பார்ட்டி. 2005-லிருந்து நடக்குது. ஃபெர்ரியில் பத்து நிமிஷம், இறங்கினால் நூறு வருஷம் பின்னாடி. பெண்கள் குஞ்சம் வெச்ச கவுன், ஆண்கள் வைக்கோல் தொப்பி, புல்வெளியில் சார்ல்ஸ்டன் ஆட்டம். நான் டீ ஷர்ட்டும் ஜீன்ஸுமா, கல்யாணத்துக்கு லுங்கியோட போனவன் மாதிரி நின்னேன். உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அது அவ்வளவா ஒட்டலை. வேஷம் கொஞ்சம் ஜாஸ்தி.

ஒட்டினது இயர் இன். ஸ்பிரிங் தெரு கோடியில், ஹட்சன் ஆத்துக்குப் பக்கத்தில் பழைய செங்கல் கட்டடம். இருநூறு வருஷத்துக்கு மேல் வயசு. பேர் வந்த கதை நல்லாயிருக்கும். வாசலில் 'பார்'னு நியான் போர்டு. கட்டடம் பாரம்பரியச் சின்னம், போர்டை மாத்தணும்னா ஆயிரம் அனுமதி வாங்கணும். 70-களில் கடையை எடுத்தவங்க, முதல் எழுத்தோட வளைவுகளில் மட்டும் பெயின்ட் அடிச்சு 'இயர்'னு ஆக்கிட்டாங்க. காது! நம்மாளுங்க தோத்தாங்க போங்க.

ஞாயிறு ராத்திரி அங்கே இயர்ரெகுலர்ஸ் வாசிப்பாங்க. 2007-ல் தொடங்கினது. மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. மூலையில் நாலு நாற்காலி. ஜான்-எரிக் கெல்சோன்னு ட்ரம்பெட்காரர், மேட் முனிஸ்டேரின்னு கிடார்காரர், கூட அந்த வாரம் யார் சிக்குறாங்களோ அவங்க. கெல்சோ ட்ரம்பெட் வாயை ஒரு ரப்பர் கப்பால் மூடி மூடித் திறக்கிறார், அது அழுது, சிரிக்குது, பொண்டாட்டி மாதிரி கோச்சுக்குது. உத்துப் பார்த்தால் அது பாத்ரூம் அடைப்பு எடுக்கிற ரப்பர் கப்பு! இதுக்கும் நூறு வருஷப் பரம்பரை இருக்காம். நடுவில் ஒரு வாளி சுத்தி வரும், காசு போடணும். (நான் குடிச்சது இஞ்சி சோடாதான். அம்மா படிச்சாலும் படிப்பாங்க.)

அப்படி ஒரு ராத்திரி, அக்டோபர்னு ஞாபகம். அந்த வாரம் வந்தது ஒரு கிளாரினெட்காரர். வயசானவர். இடம் இல்லாமல் என் ஸ்டூலை ஒட்டி உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து கிளாரினெட்டைத் துண்டு துண்டா எடுத்து மாட்டினார். ரீடை எடுத்து வாய் ஓரத்தில் வெச்சு ஊற வெச்சுக்கிட்டே என் கிட்ட ஏதோ கேட்டார். வாயில் ரீடு இருக்கிறதால பேச்சு ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு வந்தது. எந்த ஊர்னு கேட்டிருப்பார்னு நினைக்கிறேன். எனக்குப் பதில் வரலை.

எங்க தாத்தா அப்படித்தான் பேசுவார்.

எங்க தாத்தா கும்பகோணத்தில் பேண்டு வாத்தியக்காரர். கல்யாணம், மாப்பிள்ளை அழைப்பு, மாதா கோயில் சப்பரம், எலெக்‌ஷன் ஊர்வலம். செட்டில் அவர்தான் மாஸ்டர், கிளாரினெட். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், வெள்ளைத் தொப்பி. கல்யாணத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ரீடை வாயில் போட்டுக்கிட்டு, "தம்பீ, அந்த நோட்டை எடு"ன்னு ஒரு பக்கமாச் சொல்லுவார். நான் எடுத்துக் கொடுப்பேன். மளிகைக் கடை பேரேடு மாதிரி நீள நோட்டு. உள்ளே சினிமாப் பாட்டெல்லாம் ச ரி க ம-வில், நீல மையில். நடுநடுவில் சிவப்பு மையில் "இங்கே யூபோனியம் மட்டும்", "டிரம் நிறுத்து", "ரெண்டாம் தடவை எல்லாரும்". அப்படி இருபது நோட்டாவது இருந்திருக்கும்.

ஆறாவது படிக்கும்போது ஒரு ஊர்வலம் எங்க ஸ்கூல் வாசல் வழியாப் போச்சு. தாத்தா என்னைப் பார்த்துட்டு, வாசிச்சுக்கிட்டே புருவத்தைத் தூக்கினார். பக்கத்தில் நின்ன பசங்க "யார்ரா அது?"ன்னாங்க. "தெரியலை"ன்னு சொன்னேன்.

பதினஞ்சு வருஷமா இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. இப்ப சொல்லிட்டேன்.

அப்புறம் கல்யாணங்களுக்கு செண்டை மேளம் வந்தது, டிஜே வந்தது, செட் கலைஞ்சது. 2012-ல் தாத்தா போயிட்டார். 2016-ல் நான் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். லீவுக்கு வந்தப்போ வீட்டை இடிச்சுக் கட்டுறதா முடிவாச்சு, பரண் காலி பண்ற வேலை என் தலையில். கிளாரினெட்டை அப்பா ஏற்கெனவே யாருக்கோ கொடுத்திருந்தார். நோட்டுகளை ஒரு சாக்கில் கட்டி, டிவிஎஸ் ஃபிப்டியில் வெச்சு, பழைய பேப்பர் கடையில் போட்டேன். பதினோரு கிலோ. கிலோ எட்டு ரூபாய். எண்பத்தெட்டு. கடைக்காரர் தொண்ணூறாக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிட்டேன். நல்லா இருந்தது, அதுவும் ஞாபகம் இருக்கு.

பதினோரு பேர் நைட்ஹாக்ஸில். பதினோரு கிலோ. மார்ச் மாசம் ரயிலில் வயித்தைப் பிசைஞ்சது சாப்பாடு இல்லைன்னு அக்டோபரில்தான் புரிஞ்சது.

பெருசு கிட்ட சொன்னேன். அவர் ஆறுதலெல்லாம் சொல்லலை. "பேக்கப் யாராவது வெச்சிருப்பாங்களா?"ன்னு கேட்டார். முப்பத்தஞ்சு வருஷம் மெயின்ஃப்ரேமில் இருந்தவருக்கு வேற எப்படிக் கேட்கத் தெரியும்?

மறுநாள் அப்பாவுக்குப் போன் போட்டேன். "அந்த நோட்டுல ஒண்ணாவது மிச்சம் இருக்காப்பா?"

"நீதானேடா எடைக்குப் போட்டே."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவரே, "யூபோனியம் மாமா இருக்கார் இன்னும். எண்பத்தி ரெண்டு ஆச்சு. பல்லு இல்லை, ஊத முடியாது. ஆனா எல்லாம் மனசுல வெச்சிருப்பார்"னாரு.

மாமாவோட பேத்தி நம்பர் வாங்கி வாட்ஸப்பில் கேட்டேன். மூணு நாள் கழிச்சு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நாற்பத்தி ரெண்டு செகண்ட். மாமா வாயாலேயே வாசிக்கிறார். "புப்... புப்... பூம்-ப பூம்... (இங்கே ஒரு இருமல்) புப்." தாளம் பிசகாமல், எங்கே நிறுத்தணுமோ அங்கே நிறுத்தி. பின்னாடி குக்கர் விசில் சத்தம்.

அது பக்கவாத்தியப் பகுதி மட்டும். யூபோனியம்காரருக்கு அதுதானே தெரியும்? மேலே ஓடுற பாட்டு கிடையாது. இருபது தடவை கேட்டுட்டேன், என்ன பாட்டுன்னே பிடிபடலை. எதுக்கு வேணாலும் பொருந்தும் போலிருக்கு.

"மாமா, இது என்ன பாட்டு?"ன்னு கேட்டு அனுப்பினேன். பேத்தி டைப் பண்ணி அனுப்பிச்சா: "பேரு ஞாபகம் இல்லையாம். உங்க தாத்தா மேலே எடுத்தார்னா தெரிஞ்சுடும்னு சொல்றாங்க."

சித்தப்பா பொங்கலுக்குக் கும்பகோணம் போறார்னு தெரிஞ்சுது. மாமாவை உட்கார வெச்சு எத்தனை முடியுமோ அத்தனையும் ரெக்கார்டு பண்ணச் சொன்னேன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் போட்டு. "வெறும் புப் புப் தானேடா, எதுக்கு?"ன்னார். எதுக்குன்னு எனக்கும் சரியாச் சொல்லத் தெரியலை. போன் பேட்டரி ஃபுல்லா இருக்கணும், குக்கர் வைக்கிற நேரத்துல வேணாம், அவ்வளவுதான் சொன்னேன்.