முலாமுக்குக் கீழே

எங்கள் வீட்டு மொறிஸ் மைனருக்கு என்னைவிட வயது அதிகம். 1959ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அந்தக் காரை, என் தகப்பனார் எழுபதுகளின் தொடக்கத்தில் பழைய காராகவே வாங்கினார். மேற்கே வாவி, கிழக்கே கடல். நடுவே கிடக்கும் மணல்மேடுதான் எங்கள் செட்டிபாளையம். இரும்பு இங்கு நெடுநாள் சுகமாக வாழ்வதில்லை. இதனை நன்கறிந்த அப்பா, எங்கு போய் வந்தாலும் முதலில் வண்டியை நன்னீரால் கழுவி, பம்பரை எண்ணெய்த் துணியால் துடைத்த பின்னரே சாப்பிட உட்காருவார். அவர் காலமான பின்னர் எண்ணெய்த் துணியும் ஓய்வு பெற்றது. ஒருநாள் பார்த்தால், முன்பம்பரின் வெள்ளி மினுக்கம் மீன் செதிள்போல் உரிந்துகொண்டிருந்தது.

கொழும்புக்கு அனுப்பிப் புதிதாக முலாம் பூசுவிக்க என் பணப்பை இடங்கொடுக்கவில்லை. ஆகவே வெள்ளி வர்ணம் ஒரு டப்பா வாங்கி, உரிந்ததன் மேலேயே பூசிவிட்டேன். பார்வைக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் வாடைக்காற்றும் மாரிமழையும் வந்தன. என் வர்ணம் பாளை பாளையாக எழுந்து தொங்கிற்று. சோம்பலுக்குக் கிடைத்த கூலி!

குறோம் என்று நாம் சொல்வது ஒரே பூச்சன்று. உருக்கின் மேல் நிக்கல், அதன் மேல் குறோமியம்; சிலவற்றில் அடியிலே செம்பும் உண்டு. மேலேயுள்ள குறோமியம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. மினுக்கம் அதனுடையது; இரும்பைக் காப்பதோ நிக்கல். அதில் கீறலோ துளையோ விழுந்தால், உப்பு ஈரம் உட்புகுந்து கறளை வளர்க்கும். கறள் பருத்து முலாமைத் தூக்கும். குறோமியத்தின் வழவழப்பில் வர்ணமும் பிடிக்காது. எனவே உரிப்பதை உரித்தேயாக வேண்டும்.

காரின் அந்தஸ்து போய்விடுமே என்று முதலில் மனம் கூசிற்று. ஆனால் 1950 முதல் 1953 வரை நடந்த கொரிய யுத்த காலத்தில் நிக்கல் தட்டுப்பட, பெரிய கார்த் தொழிற்சாலைகளே முலாமிட வேண்டிய சில பாகங்களுக்கு வர்ணம் பூசி அனுப்பின என்று அறிந்தபோது கூச்சம் தீர்ந்தது.

வைகாசியில் கண்ணகியம்மன் கோயிற் சடங்கு. அதற்கு இந்தக் காரிலேதான் போகவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. சித்திரையிலேயே வேலையைத் தொடங்கினேன். துருப்பிடித்த ஆணிகள் எண்ணெயில் இரண்டு இரவுகள் ஊறிய பின்னரே அசைந்தன. அமிலம் ஊற்றினால் முலாம் விரைவில் கழலும் என்றார் ஒரு நண்பர். அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. கரைந்த உலோகம் மணலில் இறங்கினால் எங்கள் கிணற்றுக்கும் ஆகாது. ஆகவே வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு, நீர் தொட்டு அரத்தாளால் தேய்த்தேன். முதலில் முரடு, பின்னர் நயம். உரிந்த முலாமின் விளிம்பு சவர அலகைப்போன்றது. என் பெருவிரல் அதற்குச் சாட்சி. கண்ணை மூடி விரலால் தடவும்போது, முலாம் முடிந்து இரும்பு தொடங்கும் இடம் தெரியாதிருக்க வேண்டும். தெரிந்தால் மறுபடியும் தேய்க்கவேண்டியதுதான்.

அப்படித் தடவும்போதுதான் இடது ஓரத்தில் அந்த நெளிவு விரலில் பட்டது. கறள் வேர்விட்டதும் அங்கேதான். பசை வைத்து நிரப்பிச் சமப்படுத்த எண்ணிக் குழைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பார்த்தார்.

"மகன், அதை மட்டும் தொடாத."

1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியைப் பற்றி மட்டக்களப்பில் அறியாதார் இல்லை. அன்று எங்கள் முற்றத்துத் தென்னை சாய்ந்தது. நான் ஆறு வயதுச் சிறுவன். தெருப்பக்க அறையில் உறங்கினேனாம். மரம் அந்த அறையின்மேல் விழாமல், பக்கத்துக் கொட்டிலின்மேல் விழுந்தது. கொட்டில் நொறுங்கிற்று, மரத்தின் தலை பம்பரில் தங்கிற்று. மறுவாரம் அப்பா அதைக் கழற்றிச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். அந்தத் தட்டில் வெடித்த முலாம்தான் பின்னாளில் கறளுக்கு வாசல் திறந்திருக்கிறது. அவர் ஏன் அந்த மூலையை மட்டும் இருமுறை துடைப்பார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

குழைத்த பசையை வீசிவிட்டேன்.

கச்சான் காற்று எழுந்தால் மணலும் கூட வரும். ஆகையால் வெள்ளாப்பில், காற்று ஓய்ந்த வேளையில் வர்ணம் பூசினேன்: உலோகத்தைப் பற்றும் அடிப்பூச்சு, அதன்மேல் கறள் தடுக்கும் பூச்சு, பின்னர் வெள்ளி வர்ணம் மெல்லிதாக மூன்று முறை. குறோமின் கண்ணாடிப் பளபளப்பு இதற்கு இல்லை. நிலவு பட்ட வாவி நீரின் நிறம் என்று வேண்டுமானால் சொல்லலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, இதனை விலைக்குக் கேட்டு வந்தவர்கள் பலர். 2025இல் மீண்டும் புதிய கார்கள் இறங்கின, கேட்போர் குறைந்தனர். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

சடங்கன்று கோயில் வாசலில் இறங்கிய அம்மா, உள்ளே போகுமுன் வண்டியின் முன்புறம் சென்று, இடது மூலையை முந்தானையால் ஒருதரம் துடைத்தார்.

பின்பம்பர் இன்னும் செதிள் செதிளாகத்தான் கிடக்கிறது. மாரி வருமுன் அதையும் கழற்றவேண்டும். ஆணிகளுக்கு நேற்றே எண்ணெய் விட்டிருக்கிறேன்.