குதிரையும் சேணமும்

கதை எழுதுகிறவனுக்குப் பரிசு கிடைப்பது அபூர்வம். கிடைத்த பணம் வீட்டில் நாலு நாள் தங்குவது அதைவிட அபூர்வம். ஒரு நாவலுக்காக எனக்கு வந்த சிறு தொகை, வந்த சூட்டோடு அண்ணா சாலைக்குச் சென்று, ஒரு கடைக்குள் நுழைந்து, சிவப்பு வர்ணத்தில் ஒரு மின்சாரக் கிதாராக மாறி வீடு திரும்பியது.

கிதாருக்கு உடையவன் என் பையன். பதினோராம் வகுப்பு. சிநேகிதன் வீட்டு மரக் கிதாரில் ஓராண்டு பழகியிருந்தான். அவன் அதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாளும் ஜன்னலைச் சாத்தியதில்லை. சென்னையில் இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் கிடைக்காது என்பது என் எண்ணம். அந்தத் தைரியத்தில்தான் வாங்கினேன்.

கடைச் சிப்பந்தி மிகவும் தாராளமானவர். "கம்பெனித் தந்தி ரொம்ப மெல்லிசு சார். கொஞ்சம் கனமான தந்தியாப் போட்டுக் கொடுத்திருக்கேன். நாதம் நல்லா வரும். அதுக்குக் காசு வேண்டாம்" என்றார். காசில்லாமல் வருகிற வஸ்துவைப் பற்றி நம் பெரியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சமயத்தில் அது ஞாபகம் வரவில்லை.

முதல் நாள் மாலை சுருதி சேர்க்க உட்கார்ந்தான். அதற்குக் கைபேசியிலேயே வசதி இருக்கிறது. தந்தியை மீட்டினால் முள் ஆடிக் காட்டும். ஆறாவது தந்தியைச் சேர்த்தான், ஐந்தாவதைச் சேர்த்தான், இப்படியே முதல் தந்திக்கு வந்து, சரிபார்க்க மறுபடியும் ஆறாவதைத் தொட்டால், அது தளர்ந்து கிடந்தது! அதை முறுக்கினான், மற்றவை இறங்கின. ஒருவரைச் சமாதானப்படுத்தினால் மற்ற ஐந்து பேருக்கும் முகம் தொங்கிப் போகிறது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு இது ஒன்றும் ஆச்சரியமாயில்லை. பையனுக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

ஒருவழியாகச் சேர்ந்த பிறகு வேறு சங்கடங்கள் தலைகாட்டின. கீழ் மெட்டுகளில் இனிமையாக ஒலித்த தந்திகள், கை மேலே ஏற ஏறப் புளித்துப் போயின. தந்திகள் மெட்டுகளுக்கு மேலே வெகு உயரத்தில் நின்றதால் விரல் நுனி கன்றியது. எங்கேயோ பார்த்துவிட்டு, பெட்டியோடு வந்த சிறு ஆலன் கீயால் அங்கும் இங்கும் திருகித் தந்திகளைத் தாழ்த்தினான். உடனே, தகர டப்பாவில் அகப்பட்ட வண்டைப்போல ஒவ்வொரு தந்தியும் மெட்டில் உரசி 'ஙொய்' என்று இரைய ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் கிதார் பைக்குள் போய்விட்டது. இரவு சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அப்பா, அதைத் திருப்பிக் கொடுத்துடலாம். கிதார் மேலே தப்பில்லை. எனக்குத்தான் காது போதாது."

"யார் சொன்னது?"

"பசங்கதான். எனக்கும் அப்படித்தான் தோணுது."

கையில் எடுத்த கவளம் எனக்கு உள்ளே இறங்கவில்லை. 'காது போதாது' என்ற அதே இரண்டு வார்த்தைகளை என் ஒன்பதாவது வயதில் கேட்டிருக்கிறேன். அன்று அவை என் அக்காவுக்குச் சொல்லப்பட்டவை.

கும்பகோணத்தில் நாங்கள் இருந்தபோது அப்பா ஒரு பழைய வீணையை வாங்கி வந்தார். அக்காவுக்குப் பதினாலு வயது. வாரத்தில் இரண்டு நாள் வாத்தியார் வருவார். அவர் தம்முடைய வீணையில் வாசித்துக் காட்டுவார். அக்கா தன் வீணையில் திருப்பி வாசிப்பாள். கீழ் ஸ்தாயியில் ஒழுங்காகப் போகும். தாரஸ்தாயிக்குக் கை போனதும் வாத்தியார் முகத்தைச் சுளிப்பார். அவர் அக்காவின் வீணையை ஒரு தடவையாவது தம் மடியில் வைத்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அப்பாவிடம், "குழந்தைக்குக் கை இருக்கு, காது போதாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர். எங்கள் பணம் வீணாக வேண்டாம் என்றே சொன்னார். அதன் பிறகு வீணை உறைக்குள் போயிற்று. நான் அக்காவை 'அபஸ்வரம்' என்று கூப்பிட ஆரம்பித்தேன். தம்பிகளின் கொடுமைக்கு எல்லை கிடையாது.

அக்கா கல்யாணமாகித் திருச்சிக்குப் போன பிறகு வீணையை விற்க ஏற்பாடாயிற்று. வாங்க வந்தவர் தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆசாரியைக் கையோடு அழைத்து வந்திருந்தார். வீட்டில் அன்று நான் மட்டும் இருந்தேன். ஆசாரி வீணையை மடியில் சாய்த்து, ஒவ்வொரு மெட்டாகத் தொட்டு மீட்டிக்கொண்டே போனார். மேலே போனதும் நிறுத்தினார்.

"இதிலே யார் கத்துக்கிட்டது?"

"என் அக்கா."

"பாவம்! மேல் மெட்டெல்லாம் ஒரு நெல்லளவு தள்ளி உட்கார்ந்திருக்கு. மேளம் கட்டினவன் அவசரத்திலே கட்டியிருக்கான். சுருதி குறைஞ்சா தந்தியை இழுத்துச் சரிக்கட்டலாம். கூடியிருந்தா, சரஸ்வதியே வந்தாலும் குறைக்க முடியுமா?"

வீணையின் மெட்டுகள் மரத்தில் அடித்து இறுக்கப்பட்டவை அல்ல. தேன்மெழுகும் கரியும் சேர்த்த கறுப்பு மெழுகின்மேல் இருபத்துநாலு மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துவார்கள். அதற்குத்தான் மேளம் கட்டுவது என்று பெயர். அதில் பிசகினால் வாசிக்கிறவர் என்ன செய்ய முடியும்?

ஆசாரி சொன்னதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. முதலில் சோம்பல், பிறகு வெட்கம், அப்புறம் இத்தனை வருஷம் கழித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற சமாதானம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த வாக்கியத்தை நான் சுமந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பையனையும் கிதாரையும் இழுத்துக்கொண்டு பெரம்பூருக்குப் போனேன். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே கிதார் பழுது பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இளமையில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவராம். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஓர் இரும்பு ஸ்கேல்: அதுதான் அவருடைய தொழிற்சாலை.

"புதுசுதானே? கடையிலேயே சரியாக இருக்க வேண்டாமா?" என்று நான் நியாயம் பேசினேன்.

"புதுச் செருப்பு கடிக்கலையா சார்? இது மரம். செஞ்ச ஊர்க் காத்து வேற, கப்பல்லே வந்த காத்து வேற, நம்ம மெட்ராஸ் காத்து வேற. வந்து இறங்கினதும் ஒருத்தர் உக்காந்து செட் பண்ணணும்" என்றார்.

அவர் அதை வாசித்துப் பார்க்கவே இல்லை. கோணல் பார்க்கும் தச்சரைப்போல ஒரு கண்ணை மூடித் தண்டியை நெடுகப் பார்த்தார். ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தார். அப்போது தந்தி நேர்கோடாகிவிடும். நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி தண்டியின் வளைவைக் காட்டிவிடும். கால் மில்லிமீட்டர் இருக்கலாம். இங்கே அதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. தண்டிக்குள்ளே ஓடும் இரும்புக் கம்பியின் திருகைக் கால் சுற்று முறுக்கினார். "இதுக்கு மேலே ஒரேயடியா முறுக்கினா பேராசை" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி கால் சுற்று.

பிறகு கிதாரைக் கவிழ்த்து, முதுகில் இருந்த மூடியைக் கழற்றினார். உள்ளே மூன்று ஸ்பிரிங்குகள்! இந்த வகைக் கிதாரில் தந்திகள் ஏறி உட்காரும் பிரிட்ஜ் அசையாமல் நிற்பதில்லை. முன்னாலிருந்து ஆறு தந்திகள் இழுக்கின்றன. பின்னாலிருந்து ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன. இரண்டும் சமமானால்தான் பிரிட்ஜ் மட்டமாக நிற்கும். மெல்லிய தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ இழுக்கும். கடைக்காரர் தானமாகப் போட்ட தந்திகள் 45 கிலோவுக்கு மேல். ஸ்பிரிங்கோ பழைய கணக்கிலேயே இருந்தது. பிரிட்ஜ் முன்னால் குடை சாய்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தந்திகள் உயர்ந்ததும் சுருதி ஓடியதும் அதனால்தான்.

"தடிச்ச தந்தி தப்பில்லை தம்பி. ஆனா தந்தியை மாத்தினா மத்த எல்லாத்தையும் அதோட சேர்த்து மாத்தணும்" என்றார். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் கொஞ்சம் முறுக்குவார், சுருதி சேர்ப்பார், பிரிட்ஜைப் பார்ப்பார், மறுபடி முறுக்குவார். ஐந்தாறு தடவைக்குப் பிறகு அது மட்டமாயிற்று. என்ன ஆச்சரியம்! ஆறு தந்திகளும் சேர்த்த சுருதியிலேயே நின்றன. பிறகுதான் தந்திகளின் உயரம். பன்னிரண்டாவது மெட்டுக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் நிறுத்தினார். வண்டு பறந்துபோயிற்று. பையன் இதைத்தான் முதலில் திருகியிருந்தான். அவன் தொட்ட திருகு சரி. தொட்ட வரிசைதான் தப்பு.

"இந்தச் சின்னச் சின்ன இரும்புக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். தந்திக்கு ஒன்றாகப் பிரிட்ஜின்மேல் ஆறு இருந்தன.

"சேடில்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சேடில் என்றால் சேணம் அல்லவா? வீணையில் தந்தி ஏறி நிற்கும் அந்த இடத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் குதிரை. எங்கேயோ இருக்கிற இரண்டு தேசத்துக்காரர்களுக்கு ஒரே சவாரிதான் தோன்றியிருக்கிறது! ஒரு வித்தியாசம். வீணையில் குதிரை நிற்கிறது. மெட்டுகளை நகர்த்திச் சுருதி சேர்க்கிறார்கள். கிதாரில் மெட்டுகள் நிற்கின்றன. சேணத்தை நகர்த்திச் சுருதி சேர்க்கிறார்கள்.

சேணத்தை ஏன் நகர்த்த வேண்டும்? பள்ளிக்கூட ஆய்வகத்தில் சுரமானிப் பெட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும், தந்தியைச் சரிபாதியாக்கினால் மேல் ஸ்தாயி வரும் என்று. பன்னிரண்டாவது மெட்டு அந்தப் பாதியில் இருக்கிறது. ஆனால் விரல் அழுத்தும்போது தந்தி இம்மி விறைத்து, சுருதி சற்றே ஏறிவிடுகிறது. தடித்த தந்தியில் இந்தக் குற்றம் அதிகம். பரிகாரமாகச் சேணத்தைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியைச் சிறிது நீளமாக்குகிறார்கள். தந்திக்குத் தந்தி கணக்கு வேறு. ஆகையால் ஆறு சேணம்.

ஆதியில் இப்படி இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் என்பவர் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சாரக் கிதாரில் ஆறு தந்திக்கு மூன்றே சேணங்கள். ஒரு தந்திக்குச் சரியாக வைத்தால் பங்காளித் தந்திக்குப் பிசகும். வாசித்தவர்கள் குறைப்பட்டார்கள். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்திக்கு ஒரு சேணம் கிடைத்தது. என் பையனுடையது அந்தச் சாயலில் செய்ததுதான். இதில் விசேஷம், ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, வாசிக்கிறவனைக் குற்றம் சொல்லாமல் வாத்தியத்தைத் திருத்தினார்.

பெரியவர் கடைசி வேலைக்கு வந்தார். "தம்பி, சுவர்ப் பக்கம் திரும்பி நில்லு" என்றார்.

பையன் திரும்பி நின்றான். அவர் பன்னிரண்டாவது மெட்டுக்கு நேராகத் தந்தியை அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் மீட்டினார். மணி அடித்தாற்போல் ஒலித்தது. பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டினார்.

"ரெண்டாவது ஏறியிருக்கா, இறங்கியிருக்கா?"

"கொஞ்சம் ஏறியிருக்கு."

சேணத்தை நகர்த்தினார், மறுபடி சுருதி சேர்த்து மீட்டினார்.

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு... இப்போ சரி."

ஆறு தந்திக்கும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் பெரியவர் மேஜையில் இருந்த கருவியின் முள்ளை எனக்குக் காட்டினார். பையன் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"காது போதாதுன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டுவிட்டு அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். பையன் சுவரைப் பார்த்தே நின்றான். அவன் திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நானும் அவசரப்படுத்தவில்லை.

அன்றிரவு திருச்சிக்கு டெலிபோன் செய்தேன். கிதார் கதையைச் சொன்னேன். பிறகு, அதே மூச்சில், ஆசாரி சொன்னதையும் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சப்தமில்லை.

"அக்கா?"

"இருக்கேன்டா. எனக்கு அப்பவே தெரியும். பாடினா சரியா இருக்கும். வாசிச்சா மட்டும் தப்பும். அப்போ தப்பு என் தொண்டையிலேயும் இல்லை, காதிலேயும் இல்லைன்னு தெரியாதா? பதினாலு வயசுப் பொண்ணு சொன்னா யார் கேட்பா?"

"என்னிடமாவது சொல்லியிருக்கலாமே."

"உன்னிடமா? 'அபஸ்வரம்'னு கூப்பிட்டுண்டு திரிஞ்சவனிடமா?"

எனக்குப் பதில் இல்லை. அவளே பேச்சை மாற்றினாள்.

"பையன் இப்போ வாசிக்கிறானா?"

"வாசிக்கிறான். பக்கத்து அறையில் கேட்கிறதே."

"கேட்கிறது. நடுவிலே நடுவிலே தப்பறானே?"

"ஆமாம், தப்புகிறான். ஆனால் இனிமேல் தப்பெல்லாம் அவனுடையதுதான்" என்றேன்.

"அது போதும்" என்றாள் அக்கா. "டெலிபோனைக் கொஞ்சம் அவன் பக்கமா வை."