இரண்டு எழுத்துப் பிழை

ஆட்டையாம்பட்டி என்றதும் சேலம் பக்கத்துக்காரர்களுக்கு ஞாபகம் வருவது கை முறுக்கு. அந்த ஊரில் ஒரு வீடு. அம்மா முறுக்கு சுற்றுகிறார். அப்பா நாமக்கல்லில் எல்.பி.ஜி. டேங்கர் ஓட்டுகிறார். புல்லட் லாரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மகன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான்.

2025 ஜனவரி 3. கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் 18 டன் கேஸோடு வந்த ஒரு புல்லட், லாரியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. கேஸ் கசிந்தது. பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அன்று ராத்திரி அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "அப்பா ஓட்டுற வண்டி தாங்குமா கண்ணு?"

மகன் பழைய லேப்டாப்பைத் திறந்தான். இந்த வேலைக்கான மென்பொருள்களுக்கு லைசென்ஸ் லட்சங்களில் ஆகும். அவன் எடுத்தது கால்குலிக்ஸ். மியூனிக்கில் எம்.டி.யு. விமான என்ஜின் நிறுவனத்தின் பொறியாளர்கள் கிடோ டோண்ட், கிளாஸ் விட்டிக் இருவரும் எழுதி, மூல நிரலோடு இலவசமாகக் கொடுத்தது.

ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதி, மொத்தமாகத் தீர்ப்பதுதான் ஃபைனைட் எலிமென்ட் முறை. முழு புல்லட்டையும் பிரித்தால் லேப்டாப் திணறிவிடும். அதற்குத்தான் அச்சுச் சமச்சீர் என்ற குறுக்கு வழி. தட்டுவடையை மையம் வழியாக எந்தப் பக்கம் வெட்டினாலும் வெட்டு முகம் ஒரே மாதிரி. அப்படியானால் ஒரே ஒரு வெட்டு முகத்தை மட்டும் கணக்கிட்டால் போதுமே! 1965-லேயே எட்வர்ட் வில்சன் இதற்கான முறையைக் கட்டுரையாக எழுதிவிட்டார். முறுக்குக்கு இது ஆகாது. அதற்கு ஆரம்பமும் முடிவும் உண்டு.

விட்டம் 2.4 மீட்டர், தகடு 12 மில்லிமீட்டர், அழுத்தம் 1.4 மெகாபாஸ்கல் என்று மாதிரி அளவுகள் வைத்துக்கொண்டான். திரையில் நீலம், பச்சை, சிவப்பு என்று அழகான படம் வந்தது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் எண்ணைப் பார்த்தால், சுவர் பல மீட்டர் தள்ளிப் போயிருந்தது!

காரணம் இரண்டு எழுத்து. சி.ஏ.எக்ஸ்.8 என்று இருக்க வேண்டிய இடத்தில் சி.பி.இ.8 என்று அடித்திருந்தான். முதலாவது, வெட்டு முகத்தை அச்சைச் சுற்றிச் சுழற்றிப் பார்க்கும். இரண்டாவதுக்கு வட்டமே தெரியாது. முடிவில்லாமல் நீளும் தட்டைச் சுவராக நினைத்துக்கொள்ளும். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. மெஷின் வாங்கிய பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதினாலும் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகும் இல்லையா? அதே விதிப் பிழைதான்.

திருத்தியதும் சுவரின் நடுப்பகுதியில், சுற்று வாட்டத்தில் தகைவு 140 மெகாபாஸ்கல், நீள வாட்டத்தில் 70. அழுத்தம் பெருக்கல் விட்டம், வகுத்தல் தகட்டு தடிமனின் இரண்டு மடங்கு. கையால் போட்டாலும் அதே 140. சுவர் நகர்ந்தது 0.7 மில்லிமீட்டர். சாதாரண எஃகே 250 வரை நெளியாமல் தாங்கும். பையனுக்கு ஏக சந்தோஷம்.

லோடு இறக்கிவிட்டு வந்த அப்பாவிடம் படத்தைக் காட்டினான். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. லாரியைக் காணோமே சாமி?"

அவனிடம் பதில் இல்லை.

புல்லட்டின் வடிவம் மட்டும் அச்சைச் சுற்றி ஒரே மாதிரி இருந்தால் போதாது. பளுவும் பிடிமானமும் அப்படியே இருக்க வேண்டும். கேஸின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமம். எடையோ கீழ் நோக்கி மட்டும். தாங்கும் இருக்கை அடியில் மட்டும். வால்வும் ஒரு பக்கம்தான். கோவையில் புல்லட் கழன்றது லாரியோடு சேரும் இடத்தில். 2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூரில் வேறொரு லாரி மோதி உடைந்தது புல்லட்டின் கேஸ் வாய்கள். அந்தத் தீயில் பலர் இறந்தார்கள். அவன் குறுக்கு வழியில் விட்டுவிட்ட இடங்கள்தான் இரண்டும்.

இப்போது இருக்கையையும் சேர்த்து முப்பரிமாணத்தில் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறான். லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடுகிறது.

"தாங்குமா?" என்று அம்மா மறுபடி கேட்டார்.

"சுவர் தாங்கும்மா. மிச்சத்துக்கு இன்னும் கணக்குப் போடணும்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை, வண்டியை எடுக்கும் முன் டார்ச் அடித்து, இருக்கையின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.