மாத்திரையும் வெயிலும்

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் எங்கள் மண்கும்பான். வெண்மணலும் பனங்கூடலும் கடலுமாய்க் கிடக்கும் இத்தீவில் ஒரு குழந்தைக்குச் சூரிய ஒளி போதவில்லை என்றால் கேட்போர் நகைப்பர். ஆயினும் அதைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

வலிப்பு கண்ட பிள்ளையை நாம் வீட்டினுள் அடைத்துவிடுகிறோம். கிணற்றில் விழுந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், அயலார் அறிந்தால் நாளைக்குக் கலியாணம் பேச எவர் வருவார் என்ற அச்சம் அதனினும் பெரிது. வலிப்பு வந்ததும் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கும் வழக்கமே இன்னும் முற்றாக ஒழியவில்லையே!

எங்கள் ஒழுங்கையில் ஒரு சிறுமி மூன்றாண்டுகளாக வலிப்பு மாத்திரை உண்டுவந்தாள். வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் இரவில் கால் நோகிறதென்று அழுவாள், படியேறத் தயங்குவாள். "பள்ளிக்கூடம் போறதுக்குக் கள்ளம், தம்பி" என்றார் அவளுடைய அம்மம்மா. கள்ளமன்று. இரத்தத்தைச் சோதித்த வைத்தியர் விற்றமின் டி மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார்.

1912 முதல் வலிப்புக்குப் பயன்படும் பீனோபாபிற்றோனும், 1938இல் வந்த பெனிற்றோயினும், பின்னர் வந்த காபமசெப்பீனும் ஈரலின் நொதியங்களை முடுக்கிவிடுகின்றன. அந்நொதியங்கள் விற்றமின் டியையும் விரைந்து சிதைத்துவிடுகின்றன. அது குறைந்தால், உண்ணும் உணவிலுள்ள கல்சியம் குடலில் சரிவர உறிஞ்சப்படாது; வளரும் எலும்பு மென்மையுறும். ஜெர்மனிய வைத்தியர்கள் 1960களின் பிற்பகுதியிலேயே குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினர். பெனிற்றோயின் போலிக் அமிலத்தையும் குறைக்கவல்லது. அதற்கென்று நாமாகவே போலிக் அமில மாத்திரை வாங்கிக் கொடுத்தலும் ஆகாது; அது பெனிற்றோயினின் அளவைத் தாழ்த்தி வலிப்பை மீளக் கொணரக்கூடும்.

இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்த எண்ணுவோர் கவனிக்க: திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே கேடாகலாம். மருந்து வேண்டும், அதன் குறையை ஈடுசெய்வதும் வேண்டும். காலை இளவெயிலே சிறந்ததென நம் மூத்தோர் சொல்வர். உண்மையில், சூரியன் தாழ்ந்திருக்கையில் விற்றமின் டி தரும் கதிர் மிகச் சொற்பம். ஒன்பது பத்து மணி வெயிலே பயன் தரும். சூடை மீனிலும் சாளையிலும் அது உண்டு. ஆனால் இம்மருந்துகளை நெடுநாள் உண்ணும் பிள்ளைக்கு வெயிலும் மீனும் மட்டும் போதாமற் போகலாம்.

இலவச வைத்தியம் இந்நாட்டு மக்களின் பெரும்பேறு. வலிப்பு மாத்திரைக்கு ஏழை காசு கொடுப்பதில்லை. ஆனால் பண்ணைப் பாலம் கடந்து, தனியார் ஆய்வுகூடத்தில் இந்த விற்றமினைச் சோதிக்க ஒரு மீன்பிடித் தொழிலாளியின் ஒருநாள் உழைப்புப் போதாது. சோதனைதான் இயலாதென்றால், மாதந்தோறும் மாத்திரை வழங்கும் அதே மேசையில், வைத்தியர் குறிக்கும் அளவில் விற்றமின் டியையும் சேர்த்துக் கொடுப்பதற்கு என்ன தடை? அதன் விலை, பின்னர் வளைந்த காலை நிமிர்த்த ஆகும் செலவில் ஒரு துளி.

சிறுமியின் தகப்பனார் அந்தக் கேள்வியைக் கடிதமாக எழுதித் தருமாறு என்னிடம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். இன்னும் மூன்று வீட்டார் அதில் கையொப்பமிட்டனர். நாலாம் வீட்டார், பெயர் வெளியே தெரிந்துவிடும் என்று மறுத்துவிட்டனர்.