நூற்றுக்கு நூற்றுப் பதினெட்டு

12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் ஸ்விட்சிங் கன்வர்ட்டர் ஒன்றைச் சென்ற பருவத்தில் செய்தேன். வெளிவரும் மின்னோட்டத்தை அளக்க, அதன் பாதையில் 10 மில்லி ஓம் தடை ஒன்றை வைத்தேன். பெரிய தடையானால் அதுவே சூடாகி மின்சாரத்தைத் தின்றுவிடும். தடையின் குறுக்கே 65 மில்லி வோல்ட் காட்டியது, அதாவது 6.5 ஆம்பியர். உள்ளே போவதோ 27.6 வாட், வெளியே வருவது 32.5 வாட்! நூற்றுக்கு 118 பலன் தரும் யந்திரத்தை உலகில் நான் ஒருவனே கண்டேன்!

விடிந்தால் குறிப்பேட்டைக் காட்டவேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: 6.5ஐ 5 ஆக்குவதற்கு ரப்பரைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது ஆய்வுக்கூட உதவியாளர் வந்தார். அவரைத் 'தாதா' என்போம். நம் ஊர்ப் பொருளில் அன்று; வங்காளத்தில் அண்ணன். என் அளவுக் கம்பிகளைப் பார்த்துச் சிரித்தார். அவற்றைத் தடையின் முனைகளில் வைக்காமல், சற்றுத் தள்ளிச் செப்புத் தடத்தில் பற்றவைத்திருந்தேன். அந்தத் துண்டுச் செம்பும் பற்றவைப்பும் சேர்ந்து 3 மில்லி ஓம். 10ஐ அளக்கப் போனவன் 13ஐ அளந்திருக்கிறேன். கெல்வினின் நாற்கம்பி முறை தேர்வுக்கு மனப்பாடம், கைக்குத்தான் வரவில்லை!

கம்பிகளை மாற்றினோம். 50 மில்லி வோல்ட், 5 ஆம்பியர், பலன் 90.6. ஏட்டில் இரண்டு அளவுகளையும் எழுதினேன். பேராசிரியர் முதல் அளவைப் பற்றியே கால் மணி நேரம் கேட்டார்.