நல்ல தண்ணி

போன மாசி மாதம் ஒரு காலை, பள்ளிக்கூடம் வெளிக்கிட முதல், மகள் மீன்தொட்டிக்கு முன்னால் நின்று அழுதாள். எட்டு வயது. கல்லுக்குப் பக்கத்தில் எங்கட சிவத்த இறால் கோதாகக் கிடந்தது. கால், மீசை, கண் எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே மட்டும் ஒன்றுமே இல்லை. "அம்மா, அது செத்துப் போச்சு" என்பதை அவள் பிரெஞ்சில்தான் சொன்னாள். அழுகை வந்தால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுதான் வரும், எனக்கும்தான்.

தொட்டி வந்த கதை இதுதான். வகுப்போடு போர்த் தொரே மீன் காட்சியகத்துக்குப் போய்வந்த நாளில் இருந்து "நீமோ வேணும்" என்று ஒரே கரைச்சல். 1931இல் காலனித்துவக் கண்காட்சிக்காகக் கட்டின மாளிகை அது. நிலக்கீழில் மீன்கள், மேலே குடிவரவு வரலாற்று அருங்காட்சியகம். அப்பாவை நான் இரண்டுக்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

அப்பா மயிலிட்டிக்காரர், கடலுக்குப் போனவர். 1986இல் இங்கே வந்து முப்பது வருசம் உணவகக் குசினிகளில் நின்றார். 1990இல் ஊர்ச்சனம் முழுக்க இடம்பெயர, அவருடைய வள்ளமும் போச்சு, வீடும் போச்சு. மயிலிட்டித் துறைமுகத்தை 2017 யூலையில்தான் திரும்ப விட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனது நினைவிருக்கிறது. கடலைப் பற்றி எங்களோடு கதைக்க மாட்டார். லாச்சப்பலில் மீன் வாங்கும்போது மட்டும் செவுளைத் தூக்கிப் பார்த்து, "உது நாலு நாள் மீன்" என்பார். அவ்வளவுதான்.

நாங்கள் வாங்கினது அறுபது லீற்றர்த் தொட்டி. உங்கள் பிள்ளையும் கேட்டால், ஒன்றை முதலே சொல்லி வையுங்கள்: தண்ணீர் விட்ட அன்றே மீன் விட ஏலாது. மீனின் கழிவும் மிஞ்சின சாப்பாடும் அமோனியாவாக மாறும். அது நஞ்சு. கல்லிலும் மணலிலும் பெருகும் பக்டீரியாக்கள் அதை நைத்ரைற்றாக்கி, பிறகு நைத்ரேற்றாக்கும். அந்தப் பக்டீரியாக்கள் குடியேற நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும். அதுவரைக்கும் பிள்ளை வெறும் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேணும். அப்பா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "மீன் இல்லாத தொட்டிக்கு லைற் எரியுது" என்று சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

குழாய்த் தண்ணீரும் சரிவராது. அதில் நைத்ரேற் இருக்கும், பழைய குழாய் என்றால் செம்பும் வரலாம். செம்பு இறாலைக் கொன்றுவிடும். அதனால் கடையில் ஒஸ்மோஸ் தண்ணீர் வாங்கிக் கான்களில் மூன்றாம் மாடிக்குத் தூக்கினோம். லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, 25 பாகைக்குச் சூடாக்கி, ரிஃப்ராக்டோமீற்றரில் 1.026 காட்டும் மட்டும் நான் பட்ட பாட்டைக் கணவரிடம் கேளுங்கள்.

ஒரு கடையில், "டோரி" என்று பிள்ளைகள் சொல்லும் நீல மீன் குட்டியையும் இதே தொட்டிக்கு விற்கப் பார்த்தார்கள். அது முப்பது சென்ரிமீற்றர் வரை வளரக்கூடிய மீன், எங்கட தொட்டியின் நீளமே அறுபது. வாங்கவில்லை. மகள் வீடு வரும் மட்டும் என்னோடு கதைக்கவும் இல்லை. பிறகு வேறு கடையில் பண்ணையில் பொரித்து வளர்த்த இரண்டு நீமோக்கள் வாங்கினோம். அன்று அப்பாவும் கூட வந்திருந்தார். பக்கத்துத் தொட்டியில் இரத்தச் சிவப்பில் ஓர் இறால், வெள்ளை மீசை, வெள்ளைப் புள்ளிகள். விலைச்சீட்டில் ‘ஸ்ரீலங்கா’ என்று போட்டிருந்ததை மகள்தான் வாசித்தாள்.

"அம்மப்பா, இது உங்கட ஊரோ?"

அப்பா குனிந்து கனநேரம் பார்த்தார். "பார், இவனுக்கும் விசா குடுத்திருக்கிறாங்கள்" என்றார். காசையும் அவரே கட்டினார். கடலில் சுழியோடிப் பிடித்து, பையில் அடைத்து விமானத்தில் அனுப்புகிற உயிரை வாங்குவது சரியோ என்று எனக்கு இன்னும் மனக்குறைதான். அதைச் சொன்னபோது, "பிடிக்கிறவன்ர வீட்டிலும் அடுப்பு எரிய வேணும், பிள்ளை" என்றார்.

அந்த இறால்தான் கோதாகக் கிடந்தது.

அப்பாவுக்கு வீடியோக் கோல் எடுத்தேன். பார்த்த உடனே சிரித்தார். "அழாதை குஞ்சு. உது சாகேல்லை, சட்டை கழட்டியிருக்கு. நண்டும் இப்பிடித்தான் கழட்டும். ஆள் கல்லுக்குக் கீழ ஒளிச்சிருப்பார், புதுத் தோல் இறுகும் மட்டும் வெளிய வரமாட்டார்." ரோச் லைற் அடித்துப் பார்த்தோம். இருந்தது!

பின்னேரம் அவர் லா கூர்னேவிலிருந்து பஸ் எடுத்து வந்தார். இறாலைப் பார்க்க என்றுதான் வந்தவர், தொட்டியின் விளிம்பில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை விரலால் சுரண்டினார்.

"குறையிற தண்ணிக்கு என்ன விடுறனீ?"

"நீங்கள் சொன்னதுதான் அப்பா. நல்ல தண்ணி. அளந்து உப்புக் கலந்து வைச்சிருக்கிறன்."

அவர் என்னையே பார்த்தார். "நல்ல தண்ணி எண்டால் குடிக்கிற தண்ணி, பிள்ளை. உப்பில்லாத தண்ணி. ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு எங்கை போறது? ஆனையிறவால பஸ்ஸில போகேக்க பார்த்திருப்பாய் எண்டு..." அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். நான் ஆனையிறவைப் பார்த்ததே இல்லை.

ஹீற்றர் போடும் காலத்தில் எங்கட தொட்டியில் நாளுக்கு அரை லீற்றர் வரை குறையும். பன்னிரண்டு நாளாக நான் அதற்கு உப்புத் தண்ணீர் விட்டு நிரப்பியிருக்கிறேன், ஒருநாளும் அளந்து பார்க்காமல். எடுத்துப் பார்த்தால் 1.029. வீட்டில் தமிழ், சனிக்கிழமை தமிழ்ச்சோலை என்று வளர்ந்த எனக்கு, ‘நல்ல’ என்றால் சுத்தமான, தரமான என்றுதான் விளங்கியிருந்தது. உவர்க் கிணறும் நல்ல தண்ணிக் கிணறும் இருக்கிற ஊரில் நான் வளரவில்லை.

ஒரே நாளில் இறக்கினால் இறாலுக்கு ஆகாது. ஐந்து நாளாக, கொஞ்சம் உப்புத் தண்ணீரை எடுத்து அந்தளவு வெறும் ஒஸ்மோஸ் தண்ணீர் விட்டு மெதுவாக இறக்கினோம். அந்த ஐந்து நாளும் அப்பா வந்தார். மகளுக்குக் கூட்டு வலை, தூண்டில், சோளகம், வாடை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் நின்று கேட்டேன், எனக்கு ஒருநாளும் சொல்லாதவற்றை. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நத்தைகளில் இரண்டு செத்துப்போச்சு. இறாலும் மீன்களும் தப்பின.

இப்போது கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு ரேப் ஒட்டியிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு அப்பாவின் கோல் வரும், எனக்கில்லை, மகளுக்கு.

"கோட்டில நிக்குதோ?"

"இல்லை அம்மப்பா, ஒரு விரல் கீழ."

"என்ன விடப்போறாய்?"

"நல்ல தண்ணி."